கார்டிசோல் அதிகமா? ஸ்கேனுக்கு முன்னால் மருந்துப் பெட்டியைப் பாருங்கள்

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்காவுக்கு 34 வயது. ஒன்றரை வருடமாக எடை ஏறிக்கொண்டே போகிறது, முகம் உருண்டு சிவந்திருக்கிறது, புதிதாக பிபி வந்திருக்கிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது. காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கார்டிசோல் என்ற ஹார்மோன் இருக்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒருவர் “எல்லாம் ஸ்ட்ரெஸ், மனதை அமைதியாக வைத்துக்கொண்டால் இறங்கிவிடும்” என்கிறார். இன்னொருவர் “தலைக்குள் கட்டி இருக்கலாம், உடனே எம்ஆர்ஐ எடுங்கள்” என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் குஷிங் சிண்ட்ரோமாக, அதாவது உடம்பில் கார்டிசோல் நீண்ட நாள் அளவுக்கு மீறி இருப்பதால் வரும் நோயாக, இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த நோயில் எதை எதற்குப் பின் பார்க்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். ஹார்மோன் மருத்துவப் பிரிவில் வேலை பார்ப்பதால் சொல்கிறேன், வரிசை மாறிப்போய் வருடக்கணக்கில் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலை மருந்துப் பெட்டியைத் திறப்பது. உலகம் முழுவதும் இந்த நோய்க்கு மிகப் பொதுவான காரணம் கட்டி அல்ல, வெளியிலிருந்து உடம்புக்குள் போகும் ஸ்டீராய்டு. மூட்டுவாதம், ஆஸ்துமா, தோல் நோய், சிறுநீரக நோய் என்று பலவற்றுக்கும் கொடுக்கும் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் எல்லாம் கார்டிசோல் செய்யும் வேலையையே செய்பவை. மாத்திரையைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். சொல்ல மறப்பது மற்றவற்றைத்தான்: முகம் வெளுக்க மாதக்கணக்கில் பூசும் கிரீம், முட்டிக்குள்ளோ முதுகிலோ போட்டுக்கொண்ட ஊசி, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, இன்ஹேலர், “இயற்கையானது” என்று யாரோ கொடுத்த மூட்டுவலிப் பொடி. குளோபெட்டசோல் போன்ற வீரியமான கிரீமை உடம்பில் பெரிய பரப்பில் நீண்ட நாள் பூசினால் அது தோல் வழியாக ரத்தத்துக்கே போய்ச் சேரும். பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஒரு பொடி சாப்பிட்ட இரண்டே நாளில் வலி மாயமாக மறைகிறது, பசி பிய்த்துக்கொண்டு வருகிறது, நிறுத்தினால் வலி இரட்டிப்பாகிறது என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் அதுதான்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. சாதாரண அளவில் இன்ஹேலர் எடுப்பவருக்கு இந்தத் தொல்லை வருவது அரிது. ஆனால் புளூட்டிகசோன் இன்ஹேலரோடு ரிட்டோனவிர் என்ற எச்ஐவி மருந்தோ, இட்ரகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தோ சேர்ந்துவிட்டால் கல்லீரல் அந்த ஸ்டீராய்டை உடைக்க முடியாமல் போகும். அது ரத்தத்தில் தேங்கி, முழு அளவிலான குஷிங்கையே உண்டாக்கிவிடும்.

அக்கா கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் கேளுங்கள். ஈஸ்ட்ரஜன் உள்ள மாத்திரை, ரத்தத்தில் கார்டிசோலைச் சுமந்து செல்லும் புரதத்தைக் கூட்டிவிடும். வழக்கமான பரிசோதனை அந்தப் புரதத்தோடு ஒட்டிய கார்டிசோலையும் சேர்த்தே எண்ணும். எண் பெரிதாக வரும், உடம்பில் வேலை செய்யும் கார்டிசோலோ அப்படியேதான் இருக்கும். காலை கார்டிசோல் “கொஞ்சம் கூடுதல்” என்று வந்த எத்தனையோ பேருடைய கதை இந்த மாத்திரையோடு முடிந்துபோகும்.

உண்மையில் அந்தக் காலை எண்ணை வைத்துக் குஷிங் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லவே முடியாது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. அது சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைக் கார்டிசோல் சுரக்க வைக்கிறது. போதுமான அளவு சுரந்ததும் அந்தக் கார்டிசோலே மேலே போய் “போதும்” என்று நிறுத்திவிடும். விடியற்காலையில் உச்சம், நள்ளிரவில் ஏறக்குறைய பூஜ்யம் என்பது ஆரோக்கியமானவரின் தாளம். குஷிங்கில் முதலில் கெடுவது இந்தத் தாளம்தான், இரவில் இறங்க வேண்டியது இறங்காது. நோயாளிக்கும் நோயில்லாதவருக்கும் காலை எண்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கும், அதை வைத்துப் பிரித்தறிய முடியாது.

ஸ்ட்ரெஸ் விஷயத்துக்கு வருகிறேன். மன அழுத்தத்தில் கார்டிசோல் ஏறும், உண்மை. ஆனால் ஏறி இறங்கும். வேலைப்பளு, தூக்கமின்மை, குடும்பக் கவலை இவற்றால் மட்டும் ஒருவருக்குக் குஷிங் சிண்ட்ரோம் வராது. சமூக ஊடகத்தில் காலையில் முகம் லேசாக உப்பியிருப்பதைக் காட்டி “கார்டிசோல் முகம்” என்று வீடியோ போடுகிறார்களே, அதற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. கார்டிசோலைக் குறைக்கும் பானம், மாத்திரை என்று விற்பவற்றில் எதுவும் இந்த நோயைக் குணமாக்காது. “அட்ரினலுக்குப் பலம்” என்று விற்கும் சிலவற்றில் விலங்குச் சுரப்பியின் சாறும் ஸ்டீராய்டும் இருந்து, இல்லாத நோயை அவையே வரவழைத்த சம்பவங்களும் உண்டு. அதேசமயம் கடுமையான மனச்சோர்வு, மிதமிஞ்சிய குடி, கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், அதிக உடற்பருமன் இவற்றில் பரிசோதனை எண்கள் லேசாக உயர்ந்து குஷிங் போலவே தோற்றம் காட்டும். அடிப்படைப் பிரச்சினை சரியானால் எண்ணும் சரியாகிவிடும். மருத்துவர்கள் இதைப் போலிக் குஷிங் என்று தனியாக வைத்துப் பார்ப்பார்கள்.

அப்படியானால் எந்த அறிகுறியைப் பார்த்துச் சந்தேகப்படுவது? எடை, பிபி, சர்க்கரை, மாதவிடாய்க் கோளாறு, முகத்தில் ரோமம், தூக்கமின்மை எல்லாம் குஷிங்கில் வருபவைதான். ஆனால் இவை குஷிங் இல்லாத எத்தனையோ பேருக்கும் இருக்கின்றன. நான் உற்றுப் பார்ப்பது வேறு நாலு விஷயங்களை. லேசாக இடித்தாலே, சில சமயம் இடிக்காமலே, தோலில் ரத்தம் கட்டி நீலமாவது. கன்னம் நிரந்தரமாகச் சிவந்து கிடப்பது. வயிறு, தொடை, அக்குள் பகுதிகளில் ஊதாச் சிவப்பில் 1 சென்டிமீட்டருக்கும் அகலமான கோடுகள். பிரசவத்துக்குப் பிறகோ எடை ஏறும்போதோ வரும் வெளிறிய மெல்லிய கோடுகள் இந்தக் கணக்கில் சேராது. நாலாவது, தொடைத் தசையும் தோள் தசையும் பலமிழப்பது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்லுங்கள், தலைக்கு மேல் கையைத் தூக்கி முடி வாரச் சொல்லுங்கள். உடல் நடுவில் பெருத்துக்கொண்டே போக, கை கால் மட்டும் மெலிந்து இதைச் செய்யத் தடுமாறினால் தாமதிக்க வேண்டாம். இளம் வயதில் காரணமில்லாமல் எலும்பு முறிந்தாலும் அப்படித்தான். குழந்தைகளில் இன்னும் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். சாதாரணமாகச் சாப்பிட்டுக் குண்டாகும் பிள்ளை உயரமாகவும் வளரும். எடை ஏறிக்கொண்டே போய் உயரம் நின்றுவிட்டால் ஏதோ சரியில்லை.

பழைய புகைப்படங்களை எடுத்துப் போகச் சொல்வேன். மூன்று வருடத்துக்கு முந்தைய படமும் இன்றைய முகமும் பக்கத்தில் இருந்தால், தினமும் பார்க்கும் வீட்டாருக்குத் தெரியாத மாற்றம் மருத்துவருக்கு ஒரு நொடியில் தெரியும்.

உடம்புக்குள்ளிருந்தே வரும் குஷிங் அரிதான நோய். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் இரண்டு மூன்று பேருக்குப் புதிதாக வரும். பெண்களுக்குத்தான் அதிகம். அரிது என்பதாலேயே பிபிக்கு ஒரு மருத்துவர், சர்க்கரைக்கு ஒருவர், மாதவிடாய்க்கு ஒருவர் என்று துண்டு துண்டாகப் பார்த்து, எல்லாவற்றையும் ஒருவர் சேர்த்துப் பார்க்கும்போது சில வருடங்கள் ஓடியிருக்கும். அதனால் அக்காவை ஹார்மோன் நிபுணரிடம், அதாவது எண்டோகிரினாலஜிஸ்டிடம், அழைத்துப் போங்கள்.

அவர் முதலில் செய்வது ஸ்கேன் அல்ல, கார்டிசோல் நிஜமாகவே அதிகமா என்று உறுதிசெய்வது. அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பொதுவாக இரண்டிலாவது ஒரே பதில் வர வேண்டும்.

ஒன்று, இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் விழுங்கிவிட்டு, மறுநாள் காலை 8, 9 மணிக்கு ரத்தம் கொடுப்பது. நல்ல உடம்பு இந்த மாத்திரையைக் கண்டதும் தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். காலையில் கார்டிசோல் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. முன்பு சொன்ன கருத்தடை மாத்திரை இதையும் குழப்பும், அதனால் ஆறு வாரம் நிறுத்திவிட்டுச் செய்யச் சொல்வார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடோயின், கார்பமசெப்பைன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இவை டெக்ஸாமெத்தசோனை வேகமாகக் கரைத்துவிடுவதால் நோயில்லாதவருக்கும் தவறான முடிவு வரும். இந்த மருந்துகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எடுப்பதைச் சொன்னால் போதும், வேறு பரிசோதனைக்கு மாற்றிக்கொள்வார்கள்.

இரண்டாவது, நள்ளிரவு உமிழ்நீர். வீட்டிலேயே பஞ்சுக் குச்சியை வாயில் வைத்து எடுத்துக் கொடுத்துவிடலாம், குறைந்தது இரண்டு இரவு. எடுப்பதற்கு முன் பல் தேய்க்கக் கூடாது, ஈறிலிருந்து ஒரு துளி ரத்தம் கலந்தாலும் எண் ஏறிவிடும். கையில் ஸ்டீராய்டு கிரீம் ஒட்டியிருந்தாலும் அப்படியே. புகைப்பது, அதிமதுரம் சாப்பிடுவது இரண்டும் முடிவைக் கெடுக்கும். இரவுப் பணி பார்ப்பவர்களுக்குத் தாளமே மாறியிருக்கும் என்பதால் இது ஒத்துவராது.

மூன்றாவது, 24 மணி நேரச் சிறுநீர். சேகரிக்கும் முறையைக் கோட்டை விட்டுவிட்டு வருபவர்கள் பாதிப் பேர். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, அடுத்ததிலிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் சேர்க்க வேண்டும். இதுவும் இரண்டு முறையாவது. அன்றைக்குக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் எண் பொய்யாகக் கூடும், சிறுநீரகம் பழுதாகியிருந்தால் பொய்யாகக் குறையும்.

அதிகம்தான் என்று உறுதியான பிறகே “எங்கிருந்து?” என்ற கேள்வி. அதற்கு ரத்தத்தில் ஏசிடிஎச் பார்ப்பார்கள். எடுத்த ரத்தத்தைக் குளிரில் வைத்து உடனே பிரிக்காவிட்டால் ஏசிடிஎச் சிதைந்து குறைவாகக் காட்டும். எனவே இந்தப் பரிசோதனைக்கு ஆய்வகத்துக்கே நேரில் போய்விடுவது நல்லது. ஏசிடிஎச் அடிமட்டத்தில் இருந்தால் அட்ரினல் சுரப்பியே தன்னிச்சையாகச் சுரக்கிறது என்று பொருள், வயிற்றுக்கு சிடி ஸ்கேன். குறையாமலோ கூடுதலாகவோ இருந்தால் பிட்யூட்டரியில் ஒரு சின்னக் கட்டி, அல்லது அரிதாக நுரையீரல் போன்ற வேறு இடத்தில் ஏசிடிஎச் சுரக்கும் ஒரு கட்டி. உள்ளிருந்து வரும் குஷிங்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிட்யூட்டரிதான். அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் 1912-இல் முதன்முதலில் விவரித்து, 1932-இல் பிட்யூட்டரிக் கட்டியோடு தொடர்புபடுத்தி எழுதியது இந்த வகையைத்தான்.

எம்ஆர்ஐ எடுக்க ஏன் அவசரப்பட வேண்டாம் என்கிறேன் தெரியுமா? எந்தத் தொந்தரவும் இல்லாத பத்துப் பேரை ஸ்கேன் செய்தால் ஒருவருக்காவது பிட்யூட்டரியில் ஒரு புள்ளி தெரியும். அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மறுபக்கம், நிஜமாகக் குஷிங் உண்டாக்கும் கட்டி சில மில்லிமீட்டர்தான் இருக்கும், பலருக்கு எம்ஆர்ஐயில் தெரியவே தெரியாது. ஹார்மோன் கணக்கை முடிக்காமல் படம் எடுத்தால் இல்லாத நோய்க்குத் தலையில் அறுவை, இருக்கும் நோய்க்கு “ஒன்றுமில்லை” என்ற சீட்டு, இரண்டும் நடக்கும். படம் தெளிவாக இல்லையென்றால் தொடை வழியாகக் குழாய் செலுத்தி, பிட்யூட்டரியிலிருந்து வடியும் சிரைகளிலேயே ரத்தம் எடுத்து ஏசிடிஎச் ஒப்பிடும் முறை உண்டு. அனுபவமுள்ள பெரிய மருத்துவமனையில்தான் அதைச் செய்துகொள்ள வேண்டும்.

சிகிச்சையில் முதலிடம் அறுவைக்கு. பிட்யூட்டரிக் கட்டியை மூக்கு வழியாகவே எடுத்துவிடுகிறார்கள், மண்டையைத் திறப்பதில்லை. சிறிய கட்டியாக இருந்து, இதை அடிக்கடி செய்யும் கை செய்தால் பத்தில் எட்டுப் பேருக்கு நோய் அடங்குகிறது. அறுவை செய்பவரிடம் “வருடத்துக்கு இதில் எத்தனை செய்கிறீர்கள்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, கேளுங்கள். அட்ரினல் கட்டியென்றால் அந்த ஒரு சுரப்பியைக் குழாய் வழி எடுத்துவிடுவார்கள். அறுவைக்கு இடமில்லாதபோதும், நோய் திரும்பும்போதும் மருந்துகள் கைகொடுக்கும். கீட்டோகோனசோல், மெட்டிரபோன், ஓசிலோட்ரோஸ்டாட் அட்ரினல் உற்பத்தியைத் தடுப்பவை. பாசிரியோடைடு, கேபர்கோலின் பிட்யூட்டரிக் கட்டியை அடக்கப் பார்ப்பவை. மைஃபெப்ரிஸ்டோன் கார்டிசோல் வேலை செய்யும் இடத்தையே அடைப்பது. கீட்டோகோனசோல் எடுப்பவருக்குக் கல்லீரல் பரிசோதனை தவறக் கூடாது. அசிடிட்டி மாத்திரையோடு சேர்த்தால் அது உடம்பில் சேராது. மைஃபெப்ரிஸ்டோனில் ரத்தக் கார்டிசோல் குறையாது, அங்கே எண்ணைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துத்தான் அளவை முடிவுசெய்ய வேண்டும். கதிர்வீச்சு பலன் தர வருடங்கள் ஆகும். எதுவும் எடுபடாவிட்டால் இரண்டு அட்ரினலையும் எடுத்துவிடுவது கடைசி வழி, அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க மாற்று ஹார்மோன் மாத்திரை வேண்டும்.

யாரும் முன்கூட்டியே எச்சரிக்காத பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. அறுவை வெற்றி என்றால் அடுத்த சில நாட்களில் கார்டிசோல் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும். அது நல்ல செய்தி. வருடக்கணக்கில் அடங்கிக் கிடந்த நல்ல பிட்யூட்டரி செல்கள் மறுபடி வேலைக்குத் திரும்ப ஆறு மாதமோ ஒரு வருடமோ, சிலருக்கு அதற்கும் மேலோ ஆகும். அதுவரை ஹைட்ரோகார்டிசோன் மாத்திரைதான் துணை. மாத்திரை சரியான அளவில் இருந்தும் மூட்டு மூட்டாக வலிக்கும், தோல் உரியும், படுக்கையை விட்டு எழவே பிடிக்காது, அழுகை வரும். அதிக கார்டிசோலுக்குப் பழகிய உடம்பு அதைக் கேட்கிறது. “ஆபரேஷனுக்கு முன்னாலேயே நன்றாக இருந்தேனே” என்று நோயாளிகள் சொல்லாத வாரமில்லை. வீட்டில் இருப்பவர்கள் இதை முன்பே தெரிந்துவைத்திருந்தால் “கட்டியைத்தான் எடுத்தாச்சே, இன்னும் என்ன?” என்று கேட்டு நோகடிக்க மாட்டார்கள்.

இப்படிக் கார்டிசோல் பற்றாமல் போகும் அபாயம் ஸ்டீராய்டு மருந்தால் குஷிங் வந்தவர்களுக்கும் உண்டு. அங்கே உயிருக்கே ஆபத்து. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் தூங்கிப்போயிருக்கும். காரணம் மருந்துதான் என்று தெரிந்ததும் கோபத்தில் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பொடியோ கிரீமோ எதுவானாலும் மருத்துவரிடம் காட்டி, படிப்படியாகக் குறைக்க வேண்டும். பிரெட்னிசோலோன் நாளுக்கு 5 மி.கி. அருகே வரும்வரை ஓரளவு வேகமாகக் குறைக்கலாம், அதற்குக் கீழே ரொம்ப நிதானம் வேண்டும்.

இந்தக் காலத்தில் காய்ச்சல் வந்தால் மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி மாத்திரையை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் காத்திருக்கக் கூடாது, 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டாக வேண்டும். தலைசுற்றல், பிபி சரிவு, குழப்பம், மயக்கம் தெரிந்தால் நேராக அவசரப் பிரிவு. “ஸ்டீராய்டு சார்ந்திருக்கும் நோயாளி” என்று எழுதிய அட்டை பர்ஸில் எப்போதும் இருக்கட்டும். பல் பிடுங்கப் போனாலும் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

சிகிச்சை நடக்கும்போதே கவனிக்க வேண்டியவை சில. சர்க்கரையை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், கார்டிசோல் பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு, பிற்பகலில்தான் சர்க்கரையை ஏற்றும். பொட்டாசியம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். எலும்பு அடர்த்திப் பரிசோதனை, கால்சியம், வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே காட்டுங்கள், இந்த நோயில் ரத்தம் எளிதில் உறையும், அறுவையை ஒட்டிய வாரங்களில் இன்னும் அதிகம். தொற்று வந்தால் காய்ச்சல் தெரியாமலே முற்றிவிடும். உணவில் உப்பைக் குறைத்து, புரதத்தைக் கூட்டுவது உதவும், ஆனால் உணவால் மட்டும் இந்த நோய் போகாது. தேய்ந்த தசைக்கு உடற்பயிற்சி தேவை. இயன்முறை மருத்துவரைக் கேட்டு மெதுவாகத் தொடங்கலாம். பலவீனமான முதுகெலும்பை வைத்துக்கொண்டு கனமான எடையைத் தூக்கக் கூடாது.

மனநிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எரிச்சல், பதற்றம், ஞாபக மறதி, சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரை கார்டிசோலே கொண்டுவரும். குணத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள், மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

குணமாகும்போது முகம் சில மாதங்களில் பழையபடி திரும்பும். கோடுகள் ஊதா நிறம் மாறி வெளிறும், மறையாது. தசைப் பலம் வர ஒரு வருடம்கூட ஆகலாம். பிபியும் சர்க்கரையும் சிலருக்கு நின்றுவிடும், சிலருக்குக் குறைந்த அளவில் தொடரும். பிட்யூட்டரி வகை வருடங்கள் கழித்தும் திரும்பக்கூடியது என்பதால் ஆண்டுதோறும் பரிசோதனையை விடக் கூடாது.

உங்கள் அக்காவுக்கு முதல் சுற்றிலேயே எல்லாம் சரியாக வந்தால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), தைராய்டு பக்கம் தேடுவார்கள். அவர் சொன்னதில் பாதி அறிகுறி அங்கேயும் பொருந்தும், அவை குஷிங்கைவிடப் பல மடங்கு பொதுவானவையும்கூட. ஆனால் எண்கள் சரியாக இருந்தும் ரத்தக்கட்டு, தசைப் பலவீனம், ஊதாக் கோடு கூடிக்கொண்டே போனால் ஆறு மாதத்தில் மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிலருக்குக் கார்டிசோல் சில வாரம் ஏறி, சில வாரம் சரியாகி, அலையலையாக வரும். முகம் அதிகம் வீங்கிய நாளில் மாதிரி எடுத்தால்தான் அது மாட்டும், அதற்காகவே உமிழ்நீர்க் குப்பிகள் இரண்டைக் கூடுதலாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று நிபுணரிடம் கேட்டுப் பாருங்கள்.